இனத்தின் பெயர் போட்ட நோய்க் கணக்கை எப்படி வாசிப்பது

2020 மே மாதம், சிங்கப்பூரில் 'சர்க்கிட் பிரேக்கர்' என்ற கொவிட் முடக்கம் நடந்துகொண்டிருந்த ஒரு மதியம். லண்டனில் பேருந்து ஓட்டும் என் சின்னம்மா மகன், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படத்தைப் போட்டான். நீட்டு நீட்டாய்க் கோடுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் இனத்தின் பெயர். கீழே, "அக்கா, நம்ம மாதிரி ஆளுங்கதான் அதிகமா சாகுறாங்களாம். ஜாக்கிரதை" என்று ஒரு வரி. அரை மணி நேரத்தில் அந்தப் படம் எங்கள் புளோக்கில் பாதி தமிழ் வீடுகளுக்குப் போய்விட்டது. சாயங்காலம் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த என் மாமியார், தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "ஏம்மா, நம்ம ரத்தத்துலயே ஏதோ கோளாறாமே?"

நான் பலதுறை மருந்தகத்தில் 27 வருடம் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள். ரத்தம் எடுக்கத் தெரியும், கணக்கில் சுமார்தான். அன்றைக்கு அத்தைக்குப் பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன். அதன்பின் இரண்டு வருடம் இப்படி வந்த படங்களைப் பிரித்துப் பார்த்துப் பார்த்து ஒரு பழக்கம் வந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அடுத்த பெருந்தொற்றிலும் இதே மாதிரிப் படங்கள் வரும், வேறு கிருமியின் பெயரோடு.

படத்தைக் கண்டதும் இனத்தின் பெயரைப் பார்க்காதீர்கள். எதை எண்ணியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். தொற்றியவர்களையா, மருத்துவமனையில் சேர்ந்தவர்களையா, இறந்தவர்களையா? மூன்றும் மூன்று கதை சொல்லும். அதற்கு வெளிநாடு போகவே வேண்டாம், நம் ஊரில் வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் விடுதிகளே போதும். 2020 டிசம்பர் நடுவில் வந்த கணக்குப்படி, விடுதிகளில் இருந்த சுமார் 323,000 பேரில் 54,505 பேருக்குப் பிசிஆர் சோதனையில் தொற்று உறுதியாகியிருந்தது. ரத்தப் பரிசோதனையில், ஏற்கெனவே தொற்றிப் போயிருக்கிறது என்று தெரியவந்தவர்கள் மேலும் 98,289 பேர். கூட்டினால் 100க்கு 47. அந்த ஊழியர்களில் பெரும்பாலோர் பங்ளாதேஷ்காரர்களும் இந்தியர்களும். நம் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் ஏராளம். தொற்றை மட்டும் எண்ணினால் "பார்த்தாயா, இவர்களுக்குத்தான் வருகிறது" என்று ஒருவர் சொல்லலாம். சொன்னார்கள். சுத்தம் போதாது என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் விடுதியில் இறந்தவர்களை ஒரு கை விரல்களிலேயே எண்ணிவிடலாம். அந்த வருடக் கடைசியில் நாடு முழுவதற்கும் இறந்தவர்கள் 29 பேர். இறப்பை மட்டும் எண்ணினால் "இவர்களுக்கு இரும்பு உடம்பு" என்று சொல்ல வேண்டிவரும். இரண்டும் தப்பு. அவர்களுக்குத் தொற்றியது ஓர் அறைக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் படுத்ததால். பிழைத்தது 20, 30 வயதுக்காரர்களாக இருந்ததால். பின்னால் 2021 செப்டம்பரில் புதிய விடுதிகளுக்கு விதி வந்தபோது மாற்றியது எதை என்று பாருங்கள்: அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, கட்டில்களுக்கு நடுவே 1 மீட்டர் இடைவெளி, 6 பேருக்கு ஒரு கழிவறை. காரணம் எங்கே இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அடுத்தது வயது. இங்கேதான் படித்தவர்களும் வழுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அத்தைக்குப் போட்டுக் காட்டிய கணக்கு இது. எண்கள் நானே வைத்துக்கொண்டவை. இரண்டு புளோக். ஒவ்வொன்றிலும் 1000 பேர். முதல் புளோக்கில் முதியவர்கள் 100, மற்றவர்கள் 900. இரண்டாவதில் முதியவர்கள் 400, மற்றவர்கள் 600. ஒரு நோய் வருகிறது. முதல் புளோக்கில் முதியவர்களில் 100க்கு 10 பேரும் மற்றவர்களில் 100க்கு ஒருவரும் இறக்கிறார்கள். அதாவது 10, அப்புறம் 9, மொத்தம் 19. இரண்டாவது புளோக்கில் முதியவர்களில் 100க்கு 5 பேர், மற்றவர்களில் 200க்கு ஒருவர். அதாவது 20, அப்புறம் 3, மொத்தம் 23.

"ரெண்டாவது புளோக்லதான் சாவு ஜாஸ்தி" என்றார் அத்தை.

"சரி, நீங்க எந்த புளோக்ல குடியிருப்பீங்க?"

கண்ணாடியை மேலே தள்ளி, தாளைக் கையில் வாங்கி, விரல் வைத்து வரி வரியாகப் பார்த்தார். "ரெண்டாவதுலதான். மொதல்ல உள்ளதுல என் வயசுக்காரங்க ரெண்டு மடங்குல்ல போறாங்க!"

அவ்வளவுதான் விஷயம். முதல் புளோக் பார்வைக்கு நல்லது, ஏனென்றால் அங்கே இளையவர்கள் அதிகம். அதன் விகிதத்தை எடுத்து இரண்டாவது புளோக்கின் வயதுக் கூட்டத்தின்மேல் வைத்துப் பாருங்கள். 400 முதியவர்களில் 40, 600 மற்றவர்களில் 6, மொத்தம் 46. 23க்கு நேர் இரண்டு மடங்கு. 'வயதைச் சரிப்படுத்திய கணக்கு' என்று அறிக்கைகளில் சொல்வது இந்தச் சமாசாரத்தைத்தான். குடியேறிய சமூகங்களில் பொதுவாக இளையவர்கள் அதிகம். ஆகவே வயதைச் சரிப்படுத்தாத படம் பெரும்பாலும் ஆபத்தைக் குறைத்தே காட்டும். படத்தின் அடியில் பொடி எழுத்தில் வயதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையென்றால், அதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

லண்டன் படத்துக்கு வருவோம். பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் அந்த மே மாதம் வெளியிட்ட கணக்கு அது. வயதை மட்டும் சரிப்படுத்தினால் கறுப்பின ஆண்கள் கொவிட்டால் இறக்கும் வாய்ப்பு வெள்ளையரைப் போல் 4.2 மடங்கு. என் தம்பி அனுப்பியது இந்த வரியை. அதே அறிக்கையில் சற்றுத் தள்ளி, எங்கே குடியிருக்கிறார்கள், வசதி எப்படி, வீட்டில் நெருக்கடி உண்டா, ஏற்கெனவே உடல்நலம் எப்படி என்பதையெல்லாம் சேர்த்துச் சரிப்படுத்தியபோது அது 1.9 மடங்காகக் குறைந்திருந்தது. பங்ளாதேஷ், பாகிஸ்தான் வம்சாவளி ஆண்களுக்கு 1.8. பாதிக்கு மேல் எங்கே போயிற்று? வீட்டுக்குள்ளும் வேலைக்குள்ளும் போயிற்று. பேருந்து ஓட்டுகிறவன் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியாது. என் தம்பியே அதற்கு உதாரணம், அவனுக்கு அது தோன்றவில்லை.

ஆகவே படத்தைக் கண்டால் கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி இது: எதையெல்லாம் சரிப்படுத்தினார்கள், அப்போது இடைவெளி எவ்வளவு சுருங்கியது? சுருங்கிய பங்கு நம்மால் மாற்றக்கூடியது. வீட்டை, வேலை நேரத்தை, சர்க்கரையை மாற்றலாம். மிச்சம் நிற்கும் 1.9ஐயும் உடனே ரத்தத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அளக்க மறந்தது, அளக்க முடியாதது எல்லாம் அந்த மிச்சத்துக்குள்தான் கிடக்கும். மருத்துவரிடம் போகத் தயங்கியது, சொன்னது புரியாமல் போனது இதெல்லாம் எந்தப் படிவத்திலும் இருக்காது.

இந்த ரத்தப் பேச்சை மறைக்கவும் கூடாது, அதுவும் ஒரு நேர்மை. மூன்றாவது குரோமோசோமில் ஒரு மரபணுத் துண்டு இருக்கிறது, நியாண்டர்தால் என்ற அழிந்துபோன ஆதிமனிதர்களிடமிருந்து வந்தது. அதை வைத்திருப்பவர்களுக்குக் கொவிட் கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்று 2020இல் கண்டுபிடித்தார்கள். தெற்காசியர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அது உண்டு, ஐரோப்பியர்களில் ஆறில் ஒருவரிடம். அத்தை இதைக் கேட்டதும் "நான் அப்பவே சொன்னேன்" என்றார். சரி அத்தை, ஆனால் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அந்தத் துண்டு அநேகமாக இல்லை. அவர்கள்தான் பிரிட்டனில் முதல் அலையில் அதிகம் இறந்தார்கள். அடுத்த குளிர்காலத்தில் இரண்டாம் அலை வந்தபோது அவர்களுடைய இடைவெளி நன்றாகச் சுருங்கியது. பங்ளாதேஷ், பாகிஸ்தான் குடும்பங்களுடையது சுருங்கவில்லை. ஆறு மாதத்தில் யாருடைய ரத்தமும் மாறாது. மாறியது, யார் எங்கே யாரோடு நெருங்கி இருந்தார்கள் என்பது. மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீட்டைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு பழைய கணக்கையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதில் ஒரு பிடிப்பு. 1918 இன்ஃபுளூவென்சாவின்போது பம்பாய் நகரில் ஆயிரத்துக்கு இத்தனை பேர் இறந்தார்கள் என்று சமூகவாரியாக எண்ணினார்கள். ஐரோப்பியர் 8.3, பார்சிகள் 9, மற்ற இந்துக்கள் 18.9, தாழ்த்தப்பட்ட சாதி இந்துக்கள் 61.6. ஒரே ஊர், ஒரே கிருமி, ஒரே மதம்கூட. ஆனாலும் சாதிக்கோட்டின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். இதை ரத்தம் என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

நம் ஊர்க் கணக்குகளை வாசிக்கும்போது 'இந்தியர்' என்ற பெட்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வசிப்பாளர்களில் இந்தியர் 9 விழுக்காடு. அதில் பாகிஸ்தான், பங்ளாதேஷ், இலங்கை வம்சாவளியினரும் சேர்த்தி. வசிப்பாளர் என்றால் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும். வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் மன்னார்குடிப் பையன் இந்தப் பெட்டியில் இல்லை. கொவிட் காலத்தில் தினமும் வந்த அறிக்கையில் சமூகம், விடுதி, வெளிநாட்டிலிருந்து வந்தது என்று தனித்தனியாகப் பிரித்தார்கள். அவன் விடுதிக் கணக்கில் இருந்தான். தேக்காவில் ஒரே கடையில் நானும் அவனும் முருங்கைக்காய் பொறுக்கலாம். கணக்கில் நாங்கள் சந்திப்பதே இல்லை.

வாசித்தது போதும். கையால் செய்ய வேண்டியது என்ன?

சர்க்கரை. 2010 தேசியச் சுகாதார ஆய்வில் நீரிழிவு இருந்தவர்கள் இந்தியர்களில் 17.2 விழுக்காடு, மலாய்க்காரர்களில் 16.6, சீனர்களில் 9.7. நீரிழிவு இருந்தால் கொவிட் கடுமையாகும். இனம் வழியாக வரும் ஆபத்தில் நம் கைக்கு எட்டும் துண்டு இதுதான். பெருந்தொற்று வந்தபின் ஓடுவதில் பயனில்லை, இப்போதே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவை (எச்பிஏ1சி) ரத்தப் பரிசோதனையில் பாருங்கள். 40 வயது தாண்டியிருந்தால் அரசாங்கத்தின் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் ஒரு மருத்துவரிடம் பதிந்துகொள்ளுங்கள். ஒல்லியாக இருக்கிறேனே என்று ஏமாறாதீர்கள். ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23 தொட்டாலே இங்கே எச்சரிக்கைதான். கோப்பிக் கடையில் 'கோசோங்', அதாவது சர்க்கரை வேண்டாம், என்று சொல்லப் பழக எனக்கே நான்கு மாதம் ஆனது, அதனால் உபதேசம் இத்தோடு நிற்கட்டும்.

அப்புறம் அந்த ஆக்சிமீட்டர். 2021 ஜூலையில் தெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு ஒன்று இலவசமாகக் கொடுத்ததே, அது இன்னும் இழுப்பறையில் கிடக்கும். பேட்டரியை மாற்றுங்கள். ஒரு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: இந்தக் கருவி விரல் வழியே ஒளியைப் பாய்ச்சி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று அளக்கிறது, கருத்த தோல் அந்த ஒளியைக் கொஞ்சம் விழுங்கிவிடும். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்றில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய சமயத்தில் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் உண்மையில் 88க்கும் கீழே இருந்தது: கறுப்பினத்தவர்களில் 11.7 விழுக்காடு, வெள்ளையர்களில் 3.6. அதாவது கருவி 'நல்லா இருக்கே' என்று சொல்லும், ஆள் மூழ்கிக்கொண்டிருப்பார். நம் வீட்டிலும் சந்தனநிறம் முதல் என் மாமனார் நிறம் வரை எல்லாம் உண்டு.

அத்தைக்கு முதன்முதலில் மாட்டியபோது கருவி 91 என்றது, எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பார்த்தால் நகத்தில் மருதாணி, அதுவும் கருஞ்சிவப்பாகப் பிடித்தது. கையோ குளிர்சாதன அறையில் இருந்து ஜில்லென்று இருந்தது. உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார வைத்து, மருதாணி இல்லாத விரலில் மாட்டி, எண் ஆடாமல் நிற்கும்வரை ஒரு நிமிடம் காத்திருந்தேன். 97. ஆக, நல்லா இருக்கும் நாளில் ஒவ்வொருவருக்கும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நோய் வந்தால் அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். 95க்குக் கீழே போனால் மருத்துவர். ஆனால் 96 காட்டினாலும், கழிவறைவரை நடந்து திரும்புவதற்குள் மூச்சு வாங்குகிறது, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை என்றால் கருவியை நம்பாதீர்கள், ஆளை நம்புங்கள். உடனே 995, ஆம்புலன்ஸ்.

கடைசியாக மொழி. நானும் ஒரு விடுதியின் மருத்துவக் கூடாரத்தில் சில வாரம் உதவிக்குப் போனேன். மொழிபெயர்க்க வந்த தொண்டூழியர் தங்கமான பையன், இங்கே பிறந்து பள்ளியில் தமிழ் படித்தவன். ஊழியர் ஒருவர் "மேலுக்கு முடியலைங்க" என்றார். பையன் படிவத்தில் ஆங்கிலத்தில் 'மேல்மாடிக்கு ஏற முடியவில்லை' என்று எழுதினான். மருத்துவர் முழங்காலைத் தட்டிப் பார்த்தார்! அந்த ஊழியருக்கு 38.6 டிகிரி காய்ச்சல்.

அதனால் உங்கள் வீட்டு முதியவரோ விடுதியில் இருக்கும் உறவுக்காரரோ என்ன சொல் பயன்படுத்துகிறார் என்று எழுதிவைத்து, பக்கத்திலேயே மருத்துவருக்குப் புரியும்படி எழுதுங்கள். மேலுக்கு முடியல என்றால் உடம்பு சரியில்லை. உடம்பு கணகணங்குது என்றால் காய்ச்சல். வாய் விளங்கல என்றால் ருசி தெரியவில்லை. கிறுகிறுங்குது என்றால் தலைசுற்றல். 'நெஞ்சு அடைக்குது' மட்டும் இரண்டு பொருள்படும், சளியா வலியா என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். "காய்ச்சல் இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்றே பலர் சொல்வார்கள். காய்ச்சல் என்றால் தனிமைப்படுத்துவார்கள், சம்பளம் போகும், ஏஜென்டுக்குக் கொடுத்த கடன் ஊரில் நிற்கிறது. "நேத்து ராத்திரி போர்வை கேட்டுச்சா?" என்று கேளுங்கள். உண்மை வரும்.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இப்போதும் ஒரு தாள் இருக்கிறது. அத்தை 97, நான் 98, மகன் 99. கீழே மருந்துகளின் பெயர், மூன்று மாதச் சர்க்கரை, கடைசித் தடுப்பூசி தேதி, கிறுகிறுப்பு முதலான சொற்கள். லண்டன் தம்பி போன மாதம் ஏதோ புதுக் காய்ச்சல் என்று மறுபடி ஒரு படம் அனுப்பினான். அத்தை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"வயசப் பத்தி இதுல ஒண்ணும் போடலையே. அவன்கிட்ட கேளு."